ஓடுகிற மாவு மில்லை வாங்க: வங்கிக் கடனா, விற்பவரிடமே தவணையா?

கோபிசெட்டிப்பாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் ஓடிக்கொண்டிருந்த மாவு மில்லை வாங்கியவன் நான். விலையில் மூன்றில் ஒரு பங்கை நகையை வைத்துக் கொடுத்தேன். மீதியை விற்ற பெரியவருக்கே தவணையாகக் கட்டினேன். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தனியார் வட்டியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். உதாரணத்துக்கு 6 லட்சத்துக்கு மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 12,000 ரூபாய் வட்டிக்கே போகும், அசல் அப்படியே நிற்கும். அதே 6 லட்சத்தை 11 சதவீதத்தில் ஐந்து வருட வங்கிக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 13,000, அதில் அசலும் கரையும்.

மானியம் கிடைக்குமா என்று கேட்காதவர் இல்லை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்துக்குப் பொதுப்பிரிவுக்கு 25 சதவீதம், பெண்கள், பட்டியலினத்தவர் போன்ற பிரிவுகளுக்கு 35 சதவீதம் மானியம் உண்டு. ஆனால் அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான். ஏற்கெனவே ஓடுகிற மில்லைக் கைமாற்றி வாங்க அது உதவாது. மானியத்துக்காகவே புது மில் போட்டு, பழைய மில்லோடு வாடிக்கையாளருக்கு மல்லுக்கட்டுவது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது.

வங்கி என்றால் சிறு தொழிலுக்குக் கொடுக்கும் முத்ரா கடன். 10 லட்சம் வரை அடமானம் இல்லை. வட்டி தனியாரைவிட நன்றாகக் குறைவு, ஒழுங்காகக் கட்டினால் சிபில் என்கிற கடன் மதிப்பெண்ணும் ஏறும். சிக்கல் வேறு இடத்தில். வங்கி மிஷினுக்குக் கொட்டேஷன் கேட்கும், இரண்டு மூன்று வருட வரவு செலவுக் கணக்கு கேட்கும். கிராமத்து மில்லில் கணக்கு என்பது கல்லாப்பெட்டிதான். பழைய மிஷினுக்கு மதிப்பீட்டாளர் போடும் தொகைக்கும், ஓடுகிற மில் என்பதற்காக விற்பவர் கேட்கும் விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். அந்த இடைவெளியை எப்படியும் கைக்காசில்தான் நிரப்ப வேண்டும்.

இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். என்னைத் திருப்பியது மாதத் தவணைதான். மாவு மில்லின் வருமானம் மாதாமாதம் ஒரே அளவாக வராது. மாசி பிறந்து வெயில் ஏறினால் மிளகாய், மல்லி, மஞ்சள், சீயக்காய் என்று சித்திரை வரை மில்லில் வரிசை நிற்கும். வருஷத்துக்கான தூளை வீடுகளில் அப்போதுதான் காயவைத்து அரைக்கிறார்கள். அப்புறம் தீபாவளிக்கு முன்னால் பலகார மாவுக்குக் கூட்டம் வரும். தீபாவளி முடிந்து அடைமழை பிடித்தால் மிளகாய் காயாது, ஆளும் வராது. இட்லி, தோசைக்குப் பெரும்பாலான வீட்டில் கிரைண்டர் வந்துவிட்டதால் அந்த மாதங்களில் கோதுமையும் கேழ்வரகும்தான். அந்த வருமானம் ஈபி பில்லுக்கும் ஆள் கூலிக்கும் போனால் மிச்சம் சொற்பம். வங்கித் தவணைக்கு அடைமழை, கோடை என்ற பேதம் தெரியாது. கார்த்திகையிலும் அதே 13,000 கணக்கில் இருந்தாக வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து தவறினால் வாராக்கடன். கோடையில் சேர்த்ததை எடுத்து வைத்துக் கட்டலாமே என்பீர்கள். கட்டலாம், வீட்டில் அந்த வருடம் ஒரு கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வராமல் இருந்தால்.

விற்பவரிடம் இதை விளக்க வேண்டியதே இல்லை. அந்த மில்லில் ஆயுசைக் கழித்தவருக்கு எந்த மாதம் காசு வரும் என்று என்னைவிட நன்றாகத் தெரியும். சித்திரைக் கடைசியில் ஒரு பெரிய தொகை, தீபாவளி முடிந்ததும் ஒரு பெரிய தொகை, மற்ற மாதங்களில் சும்மா பேருக்கு என்று பேசிக்கொண்டோம். வட்டி என்று எதுவும் போடவில்லை, ஆனால் ரொக்கத்துக்குக் கேட்ட விலையைவிடக் கூட்டித்தான் சொன்னார். அது வட்டிதான், பெயர்தான் வேறு. கணக்குப் போட்டால் வங்கி வட்டியைவிடக் கொஞ்சம் கூடவே வரும்.

அதற்கு ஈடாகக் கிடைத்ததும் கொஞ்சமல்ல. அவருக்கு என்னிடமிருந்து பணம் வரவேண்டி இருந்ததால், மில் ஓடுவதில் அவருக்கும் அக்கறை இருந்தது. ஆரம்பத்தில் காலையில் வந்து உட்கார்ந்து, “இனிமே இந்தத் தம்பிதான் பாத்துக்கும், அரவை அதேதான்” என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். முழுப் பணத்தையும் ரொக்கமாக வாங்கிக்கொண்டு போனவர் எதிர்த்தெருவிலேயே புது மில் போட்ட கதை எங்கள் பக்கம் உண்டு.

நகைக்கடன் முன்பணத்துக்கு மட்டும் சரி. நகை மதிப்பில் முக்கால் பங்கு அளவுக்கு அன்றைக்கே கையில் வரும், தொழில் கணக்கு யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் வருடத்துக்குள் மீட்க வேண்டும், இல்லையென்றால் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க வேண்டும். முழு விலையையும் இதில் போடுவது வீட்டுப் பெண்களின் பொறுமையைச் சோதிப்பது. ஏலச்சீட்டில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. பார்த்தவரையில், ஆரம்ப ஏலங்களில் தள்ளு, அதாவது சீட்டை முன்னாலேயே எடுக்க விட்டுக்கொடுக்கும் தொகை, அதிகம் போகிறது, கடைசிவரை காத்திருந்தால் மில் வேறு கைக்குப் போய்விடுகிறது. 20 லட்சம், 30 லட்சம் என்று போகும் அரிசி ஆலைக்குத் தவணைப் பேச்சு எடுபடுமா என்பதும் சந்தேகம்தான். அங்கே வங்கியே மேலாக இருக்கலாம்.

தவணை வழியில் போகிறவர்கள் எழுத்தில் கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. பெரியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகள் வந்து புதுக் கணக்குச் சொல்வார்கள். முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டு, வாரிசுகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். தவணை அத்தனையும் வங்கி வழியாகவே போகட்டும். ஒரே வியாபாரத்துக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, துண்டு துண்டாக வாங்கினாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். புரோநோட்டு எழுதியிருந்தால் ஒவ்வொரு தவணையையும் அதன் பின்பக்கம் வரவு வைத்து அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். மோட்டார் காயில் எரிந்தால் முதல் வருடம் யார் செலவு என்பதையும் எழுதிவிடுங்கள். ஈபி சர்வீஸ் உங்கள் பெயருக்கு மாறும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். அதைக் கொடுத்துவிட்டால் பெயர் மாற்றக் கையெழுத்துக்கு நீங்கள்தான் அவர் வீட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும்.