காயில் கட்டுவதா, வேரியபிள் ஸ்பீடு வாங்குவதா? நீச்சல் குள பம்ப் இரண்டும் அருகருகே

ஈசிஆர் பக்கம் வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்களிடம் வெயில் காலத்தில் பேசினால், எப்படியும் பேச்சு பம்பில்தான் வந்து நிற்கும். நீலாங்கரையில் எங்கள் வீட்டில் ஓடுவது ஒரே வேகத்தில் சுற்றும் பழைய ஒரு எச்பி பம்ப். ஒன்பது வருடமாகிறது, இரண்டு முறை காயில் கட்டியாயிற்று, அதாவது மோட்டாருக்குள் இருக்கும் பழைய கம்பிச் சுற்றை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றியாயிற்று. உத்தண்டியில் அக்கா வீட்டில் இரண்டு வருடமாக, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வேரியபிள் ஸ்பீடு பம்ப். இரண்டையும் பார்த்துக்கொள்வது நான்தான். அதனால் எது நல்லது என்று கேட்பவர்களுக்கு, இரண்டோடும் பழகியதை வைத்துச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. பம்ப் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். போன மே மாதம் எங்கள் மோட்டார் சுற்றாமல் 'ம்ம்ம்' என்று உறுமியது. வந்த மெக்கானிக் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், காயில் போயிடுச்சு, புதுசு போட்டுடுங்க" என்றார். அவர் போன பிறகு மெயினை அணைத்துவிட்டு, பின்பக்க ஃபேன் மூடியைக் கழற்றி ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன். அசையவே இல்லை. பம்பைப் பிரித்தால், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் முழுக்கப் புங்கைப் பூ. பிசைந்த மாவு மாதிரி பழுப்பாக இறுகிப் போயிருந்தது. குப்பையைப் பிடிக்கும் ஸ்ட்ரெய்னர் கூடையில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல், பூவெல்லாம் அதன் வழியாக உள்ளே போயிருக்கிறது. கழுவிவிட்டு, கூடையை மாற்றிப் போட்டதும் ஓடியது. ஷாஃப்ட் தாராளமாகச் சுற்றி, மோட்டார் மட்டும் உறுமினால் முதல் சந்தேகம், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் மேல். அது சில நூறு ரூபாய் சமாச்சாரம். அணைத்த பிறகும் அதில் கரண்ட் நிற்கும் என்பதால், அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது.

சரி, பழைய பம்புக்கு வருவோம். அதன் பெரிய பலம், எதுவும் கைக்கு எட்டாமல் போவதில்லை. சீல், பேரிங், கெப்பாசிட்டர் எல்லாம் பாரிமுனைப் பக்கம் போனால் கிடைத்துவிடும், மாற்றத் தெரிந்த ஆளும் பேட்டைக்கு ஒருவர் இருப்பார். ஆனால் சீல் கசிவதைப் பார்த்தும் பார்க்காமல் விடக்கூடாது. மோட்டாரும் பம்பும் சேரும் இடத்தில் சொட்டும் தண்ணீர் ஷாஃப்ட் வழியாகப் பேரிங்குக்குப் போகும். பேரிங் கீச்சிட ஆரம்பித்து, அப்புறம் இறுகி, கடைசியில் காயில் எரியும். எங்கள் மோட்டாருக்கு முதல் முறை காயில் கட்டியதே இப்படித்தான். ஒரு மாதம் சொட்டியது, நான் கண்டுகொள்ளவில்லை. தண்ணீர் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே சீல் சூடேறிப் போய்விடும் என்பதால், ஸ்ட்ரெய்னர் மூடிக்குள் தண்ணீர் நிறைந்து நிற்கிறதா என்று தினமும் ஒரு பார்வை பார்க்கிறேன். குமிழ் தொடர்ந்து வந்தால் மூடியின் ஓ-ரிங்கைப் பாருங்கள். அதற்கு சிலிகான் கிரீஸ்தான் தடவ வேண்டும், வாசலின் தடவினால் ரப்பர் ஊதிவிடும்.

காயில் கட்டக் கொடுத்தால் தாமிரக் கம்பிதானா என்று கேட்டு, முடிந்தால் நின்று பாருங்கள். ஒருமுறை கட்டலாம். இரண்டாவது முறையும் எரிந்தால், மோட்டாரை விட்டுவிட்டு வோல்டேஜை முதலில் பாருங்கள். கோடையில் ஏசி எல்லாம் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால், இந்த மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும். வேரியபிள் ஸ்பீடு பம்ப் அந்த இடத்தில் எரர் காட்டி நின்றுவிடும். அக்கா பம்ப் இப்படி இரண்டு முறை நின்று, தப்பியது.

கரண்ட் கணக்கில் இரண்டுக்கும் நடுவே எட்டாத தூரம். எங்கள் மோட்டார் இழுப்பது ஏறத்தாழ 1 கிலோவாட். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றால் 8 யூனிட், இரண்டு மாத பில்லில் 480 யூனிட் பம்புக்கு மட்டும். வீட்டுச் செலவோடு சேரும்போது மேல் ஸ்லாபுக்கு நம்மை இழுத்துப் போவதே இதுதான். பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் வரும் தண்ணீரும் பாதிதான், ஆனால் இழுக்கும் கரண்ட் எட்டில் ஒரு பங்காக இறங்கும். இது கணக்கு. நடைமுறையில் மற்ற இழப்புகளும் சேர்ந்து அக்கா பம்பின் டிஸ்பிளேயில் 200 வாட் பக்கம் காட்டுகிறது. தண்ணீர் பாதியாக வருவதால் இரட்டிப்பு நேரம், 16 மணி நேரம், ஓட விடுகிறோம். 3.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 192. தண்ணீர் நாளெல்லாம் அசைந்துகொண்டே இருப்பதால் மே மாத வெயிலிலும் பாசி பிடிப்பது குறைந்திருக்கிறது. சத்தமும் கிடையாது. எங்கள் பம்ப் ஓடும்போது பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் எனக்குக் கேட்கும்.

பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் தலைகீழாக விட்டு ஃபில்டர் மணலைக் கழுவுவது, செய்யும்போது மட்டும் முழு வேகம் வைக்க வேண்டும், குறைந்த வேகத்தில் மணல் கிளம்பாது. ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது கேஜ் காட்டும் அழுத்தத்தைக் குறித்து வைத்து, அதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ் செய்யுங்கள். வேரியபிள் பம்பில் எப்போதும் ஒரே வேகத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த ஒப்பீடு சரியாக வரும்.

வேரியபிள் பம்பின் பலவீனம், வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் போர்டு. அக்கா கொடுத்த விலையில் சாதாரண பம்ப் மூன்று வாங்கியிருக்கலாம், போர்டு போனால் அந்த விலையில் பெரும்பங்கு திரும்பப் போய்விடும். தெருமுனைக் கடையில் அதைச் சரிசெய்ய முடியாது. கடல் காற்றின் உப்பும், மின்னலும், ஏறி இறங்கும் வோல்டேஜும் அதற்கு ஆகாது. நல்ல எர்த்தும் சர்ஜ் பாதுகாப்பும் காற்றோட்டமுள்ள நிழலும் கட்டாயம். கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி எந்த பம்பாக இருந்தாலும் வேண்டும், குளத்தில் இறங்குவது நம் பிள்ளைகள்.

பழையதைத் தூக்கிவிட்டு இன்னொரு ஒரே வேக பம்ப் வாங்கலாமா என்றால், குளம் சின்னதாக இருந்து தினம் மூன்று நான்கு மணி நேரம் ஓடினால் போதும் என்பவர்களுக்கு அது சரி. மற்றபடி எனக்கு மனசு வரவில்லை.

பிறகு நான் ஏன் இன்னும் மாற்றவில்லை? எங்கள் பம்ப் இருப்பது தரைக்குக் கீழே நாலடிக் குழியில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் குழி நிறைந்து மோட்டார் முழுகிவிட்டது. ஸ்விட்சைத் தொடாமல் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனோம், காய வைத்து, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் வைத்துப் பார்த்ததில் தேறவில்லை, இரண்டாவது முறை காயில் கட்டியது அப்போதுதான். அதோடு முடிந்தது, திரும்ப ஓடியது. அங்கே வேரியபிள் பம்ப் இருந்திருந்தால் மொத்தமாகப் போயிருக்கும். அக்கா பம்ப் இரண்டடி மேடை மேல் இருக்கிறது, அந்த நம்பிக்கையில்தான் வாங்கினோம். குழிக்குள் பம்ப் வைத்திருப்பவர்கள் பழையதைப் பராமரிப்பதுதான் புத்திசாலித்தனம்.

எங்களுக்கும் குழிக்குப் பக்கத்தில் மேடை கட்டக் கொத்தனாரிடம் சொல்லியாயிற்று. பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஏறுவதால், நிறுத்தும்போது தண்ணீர் இறங்கிவிடாமல் இருக்க உறிஞ்சும் குழாயில் ஒரு என்ஆர்வி வால்வும் போட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மேடை முடிந்தால், தீபாவளிக்கு வேரியபிள் வாங்கிவிடுவேன்.