சிம்கோ ஏரியில் எட்டுக் கோடைகள்: ஒரு பழைய படகின் கணக்கு

2017 வசந்தத்தில் இந்தப் படகை வாங்கினேன். எனக்கு முன்பே ஒருவர் ஓட்டிப் பழகிய படகு அது. 17 அடி அலுமினிய உடல், பின்னால் 90 குதிரைத்திறன் அவுட்போர்ட் எஞ்சின். எட்டுக் கோடைகளில் 300 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடியிருப்பதாக எஞ்சினின் மானி காட்டுகிறது. ஒரு கோடைக்கு நாற்பது மணி நேரம்கூட வராது. வீட்டு முற்றத்தில் நான் அதன் கீழ் மல்லாந்து கிடந்த நேரத்தை அளக்க மானி இல்லை. இருந்திருந்தால் எது முந்தியிருக்கும் என்பதை என் மனைவி யோசிக்காமலே சொல்வாள்.

ஓட்டும் இடம் ரொறன்ரோவுக்கு வடக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் சிம்கோ ஏரி. பரப்பு 700 சதுர கிலோமீட்டருக்கு மேல். முதல் நாள் கரையில் நின்று பார்த்த என் மாமனார், "குளம் பெரிதுதான்" என்றார். வல்வெட்டித்துறையில் மண்ணெண்ணெய் எஞ்சின் பூட்டிய படகில் தொழிலுக்குப் போனவர். உப்பில்லாத தண்ணீர் எல்லாம் அவருக்குக் குளம்தான்.

அந்தக் குளத்தில் முதல் மாதமே மூழ்கப் பார்த்தோம். படகின் பின்புற அடியில் தண்ணீர் வடிவதற்கு ஒரு துளை உண்டு. கரையேற்றியதும் அதன் பிளக்கைக் கழற்ற வேண்டும், இறக்குமுன் மாட்ட வேண்டும். ஒன்ராறியோவில் 2022 முதல் பிளக்கைக் கழற்றாமல் படகைச் சாலையில் கொண்டுபோவது சட்டப்படியும் தவறு. ஒரு நீர்நிலையின் களையும் சிப்பியும் இன்னொன்றுக்குப் பரவக் கூடாது என்பதற்காக. கழற்றுவதில் எனக்குச் சிக்கல் இருந்ததில்லை, மாட்டத்தான் மறந்தேன். கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போனதும் படகின் பின்பக்கம் கனத்தது, காலடியில் செருப்பு மிதந்தது. தண்ணீர் இறைக்கும் பம்பைப் போட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி டிரெயிலரில் ஏற்றினோம். துளை வழியே அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது. படகு இறக்கும் சரிவில் வரிசையாக நின்றவர்கள் எல்லாரும் அன்பாகவே சிரித்தார்கள். தங்களுக்கும் ஒருமுறை நடந்ததாம். அன்றிலிருந்து பிளக்கும் எஞ்சின் சாவியும் ஒரே வளையத்தில் இருக்கின்றன. பிளக்கை மாட்டாமல் சாவி கைக்கு வராது.

எனக்கு மிக அதிகமாகச் செலவு வைத்தது கையளவு மீன்பிடி நரம்பு. யாரோ அறுத்துவிட்ட நரம்பு தண்ணீரில் மிதந்திருக்கிறது. புரொப்பெல்லர் அதை இழுத்துத் தன் தண்டில் சுற்றிக்கொண்டது. ஓடும்போது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இலையுதிர் காலத்தில் எஞ்சினின் கீழ்ப்பகுதிக் கியர் ஒயிலை வடித்தபோது அது பால் விட்ட தேநீரைப்போல் இறங்கியது. தண்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் ‘சீல்’ என்ற ரப்பர் வளையத்தை நரம்பு அறுத்து, உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்பது அதன் பொருள். கவனிக்காமல் விட்டிருந்தால் கனடாக் குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்து கியர்ப் பெட்டியையே வெடிக்க வைத்திருக்கும். அந்த வளையத்தை மாற்றி, காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்த்து வாங்க ஒரு கோடைக்கான பெற்றோல் காசு போயிற்று. இந்த ஒயிலை வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. உறைபனிக்கு முன் பார்ப்பதில்தான் பயனே இருக்கிறது. இப்போது மாதம் ஒருமுறை புரொப்பெல்லரைக் கழற்றித் தண்டைப் பார்க்கிறேன்.

ஏரியின் தெற்கு மூலையான குக்ஸ் விரிகுடா ஆழம் குறைந்தது, களை நிறைந்தது. 1990களில் ஏரிக்குள் பரவிய வரிக்குதிரைச் சிப்பிகள் தண்ணீரை வடிகட்டித் தெளியவைத்தன. வெயில் ஆழமாக இறங்குவதால் களையும் ஆழத்திலிருந்து எழும்புகிறது. கண்ணுக்கு அழகு, எஞ்சினுக்கு ஆபத்து. எஞ்சின் தன் சூட்டைத் தணிப்பது ஏரித் தண்ணீரை உறிஞ்சித்தான். அந்தத் தண்ணீர் சுற்றிவருகிறது என்பதற்கு அடையாளமாகப் பின்பக்கத்தில் ஒரு மெல்லிய தாரை பீறிடும். ஒருநாள் தாரை நின்றதை மகள்தான் முதலில் கண்டாள். எஞ்சினை நிறுத்தி, மேலே தூக்கி, உறிஞ்சும் துளைகளை மூடியிருந்த களையைப் பிய்த்தெறிந்தோம். தாரை திரும்ப வந்தது, ஆனால் மெலிந்து. இந்தத் தண்ணீரை உறிஞ்சும் பம்பினுள் இருக்கும் இம்பெல்லர் என்ற ரப்பர் இதழ்ச் சக்கரம் தண்ணீரில்லாமல் சுழன்றால் மிகச் சீக்கிரம் கெட்டுவிடும். திறந்து பார்த்தபோது இரண்டு இதழ்கள் இல்லை. மூன்று கோடைக்கு ஒருமுறை, நன்றாக இருந்தாலும், அதை மாற்றிவிடுகிறேன். விலை குறைந்த சாமான்தான்.

டிரெயிலரைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய சக்கரத்தின் பெயாரிங் சூடாக இருக்கும். அதை அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிறீஸ் கெடும், துரு ஏறும். இதெல்லாம் 404 நெடுஞ்சாலையின் ஓரத்தில், புகைந்த சக்கரத்தின் பக்கத்தில் இழுவை வண்டிக்குக் காத்திருந்தபோது கற்றது. இப்போது கரைக்குப் போனதும் இருபது நிமிடம் பொறுக்கிறேன். பாதுகாப்பு அங்கிகளை எடுத்துவைக்கவும் பிளக்கை மாட்டவும் அந்த நேரம் போதுமானது.

எஞ்சினில் அரிப்பைத் தாங்கும் பலிகடாவாக ஒரு உலோகத் துண்டு இருக்கும். வாங்கியபோது அது தேயாமல் இருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். தேயாதது நல்லதல்ல என்று பின்னர்தான் விளங்கியது. அது உப்புநீருக்கான துத்தநாகம். நன்னீரில் மேலே படலம் படிந்து வேலை செய்யாமல் சும்மா இருக்கும். நன்னீருக்கு மக்னீசியம் வேண்டும். மாற்றிய இரண்டு கோடைகளில் பாதி கரைந்துவிட்டது, எனக்கு நிம்மதி.

நான்காவது ஆகஸ்டில் ஜோர்ஜினா தீவுப் பக்கம் ஒரு பாறையைத் தட்டினோம். எஞ்சின் உறுமியது, படகு நகரவில்லை. புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் வழுக்கிவிட்டது. கியரைக் காப்பதற்காக அது அப்படித்தான் வழுக்க வேண்டும். உபரிப் புரொப்பெல்லர் படகில் இருந்தது. மாட்டும்போது வாஷர் கையிலிருந்து நழுவி ஏரிக்குள் போயிற்று, அது இல்லாமல் மாட்ட முடியவில்லை. அதற்குள் வடமேற்குக் காற்றும் எழும்பிவிட்டது. அகன்ற ஏரி ஆகையால் கால் மணி நேரத்தில் அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. மாமா எதுவும் பேசாமல் நங்கூரத்தை இறக்கிக் கயிற்றைத் தாராளமாக விட்டார். படகின் முகம் காற்றுக்குத் திரும்பியது, ஆட்டம் அடங்கியது. "தம்பி, துடுப்பு எங்கே?" என்றார். இல்லை. இந்த அளவுப் படகுக்குத் துடுப்போ நங்கூரமோ ஒன்று போதும் என்பது சட்டம் என்றேன். "சட்டம் வந்து துடுப்பு வலிக்குமோ?" என்று கேட்டார். இன்னொரு படகு எங்களை இழுத்துக் கரை சேர்த்தது. அடுத்த வாரம் இரண்டு துடுப்புகள் வாங்கினேன். மாமாவும் அதன்பின் அதைக் குளம் என்று சொல்வதில்லை.

இதே அளவில் வாங்க நினைப்பவர்கள் கேட்பதால் சொல்கிறேன்: ஆம், மறுபடியும் இதையே வாங்குவேன். அலுமினியம் பாறைத் தட்டல்களைத் தாங்கியது. அவுட்போர்ட் எஞ்சினை நிமிர்த்தி நிறுத்தினால் தண்ணீர் தானாக வடிந்துவிடும், ஆதலால் குளிர்காலத் தயாரிப்பும் எளிது. பெற்றோலில் நிலைப்படுத்தும் திரவம், பற்றரி நிலவறைக்கு, மேலே தார்ப்பாய். எலிகளுக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏதாவது ஒரு இருக்கையின் பஞ்சு வெளியே கிடக்கிறது.

சென்ற ஒக்டோபரில் கியர் ஒயிலை வடித்தபோது மாமா கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டார். கறுத்துத்தான் இறங்கியது. இரண்டு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். "பால் இல்லை" என்றார். பிறகு கையைத் துடைத்துவிட்டு, தன் வெறுந்தேநீரை எடுத்துக் குடித்தார்.