பாம்னா ஹிட்டா, ஃப்ளாப்பா? மூணு இலவச டிக்‌ஷனரி சைட் பத்தி என் ரிவ்யூ

சப்டைட்டில் வேலை பாக்கறவங்க, லண்டன் ஆபீசுக்கும் அமெரிக்க ஆபீசுக்கும் மாறி மாறி மெயில் போடறவங்க, உங்களுக்காகத்தான் இத எழுதறேன். டிக்‌ஷனரின்னாலே எத்தனை லட்சம் வார்த்தை இருக்குன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க, என்னைக் கேட்டா அது ரெண்டாம்பட்சம், இந்த அர்த்தம் எந்த நாட்டுப் பேச்சு, மேடையில சொல்றதா இல்ல ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்றதான்னு பக்கத்துலயே லேபிள் போட்டிருக்காங்களான்னு பாக்கணும். அதுக்கு நான் போட்டுப் பாக்கற வார்த்தை பாம் (bomb).

குண்டுங்கற அர்த்தத்துல பிரிட்டன், அமெரிக்கா ரெண்டு நாட்டுக்கும் சண்டையே இல்ல. பேச்சு வழக்குக்கு வந்தாதான் வம்பு. ஒரு நாடகம் ‘வென்ட் டவுன் எ பாம்’னு பிரிட்டிஷ்காரர் சொன்னா கூட்டம் கொண்டாடிடுச்சு, பட்டையக் கிளப்பிடுச்சுன்னு அர்த்தம். அதையே ஒரு அமெரிக்கர் ‘இட் வாஸ் எ பாம்’னு சொன்னா ஊத்திக்கிச்சு, அவ்ளோதான். அங்க ஸ்டாண்டப் காமெடி பண்றவங்க ‘ஐ பாம்ட்’னு சொன்னா மேடையில ஒருத்தரும் சிரிக்கலன்னு அர்த்தம், இந்த வினைச்சொல் இப்ப பிரிட்டன்லயும் சகஜமா புழங்குது, அதனால பேசறவர் எந்த நாட்டுக்காரர்னு மட்டும் பாத்து முடிவு பண்ணவும் முடியாது, வாக்கியம் எப்படி வருதுன்னும் பாக்கணும்.

இன்னும் இருக்கு. ‘காஸ்ட் எ பாம்’னா பிரிட்டன்ல எக்கச்சக்க காசு ஆச்சுன்னு அர்த்தம். ரோட்டுல ‘பாமிங் டவுன்’னா வண்டிய விரட்டிக்கிட்டுப் போறது, இதுவும் பிரிட்டிஷ் பேச்சுதான். ஆனா அமெரிக்க ஸ்லாங்ல ‘யூ ஆர் த பாம்’னு சொன்னா நீ செம ஆளுன்னு பாராட்டு! அமெரிக்கர் பேச்சுல ‘எ பாம்’னா தோல்வி, ‘த பாம்’னா பாராட்டு. தமிழ்ல இந்த எ, த ரெண்டும் கிடையாதே, நம்ம காது அதக் கவனிக்காமயே தாண்டிப் போயிடும், அதனாலதான் இந்த வார்த்தைக்கு நல்ல டிக்‌ஷனரி கட்டாயம் வேணும்னு சொல்றேன்.

என் முதல் ஓட்டு ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரிக்கு. இது இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்களுக்குன்னே செஞ்சது, ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி ஜப்பான்ல இங்கிலீஷ் வாத்தியாரா இருந்தப்போ உருவாக்குனது, முதல்ல 1942ல டோக்கியோவுல வந்து அப்புறம் 1948ல ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. அந்த வாத்தியார் குணம் இன்னிக்கும் சைட்ல தெரியுது. எக்கச்சக்க காசுங்கற அர்த்தத்துக்குப் பக்கத்துல பிரிட்டிஷ் இங்கிலீஷ், இன்ஃபார்மல்னு லேபிள், படுதோல்விங்கற அர்த்தத்துக்குப் பக்கத்துல வட அமெரிக்க இங்கிலீஷ், இன்ஃபார்மல்னு லேபிள், ஒரே பக்கத்துல ரெண்டும் இருக்கறதால குழப்பத்துக்கே இடமில்ல. விளக்கங்கள எளிமையான வார்த்தைகள்லதான் எழுதியிருக்காங்க, ஒரு அர்த்தத்தத் தேடப்போய் அந்த விளக்கத்துல வர்ற வார்த்தைக்கு இன்னொரு தடவ தேட வேண்டியதில்ல. உச்சரிப்புக்கு ரெண்டு ஸ்பீக்கர் பட்டன், பிரிட்டிஷ் குரல்ல குட்டை ‘ஒ’ மாதிரி கேக்கும், அமெரிக்கக் குரல்ல ‘ஆ’ நீளும், நாம பாம்னு எழுதறது அமெரிக்க உச்சரிப்புக்குத்தான் கிட்ட வருது. சைட் இலவசம், ஆப்புக்குத்தான் காசு.

கேம்பிரிட்ஜ் 1999ல இருந்தே இணையத்துல இலவசமா கிடைக்குது. யுகே, யுஎஸ்னு குட்டி லேபிள் போடறாங்க, ஃபோன்ல அவசரமா பாக்க வசதி. பல வார்த்தைகளுக்கு ஏ1ல (ஆரம்ப நிலை) இருந்து சி2 (உச்ச நிலை) வரைக்கும் எந்த லெவல்னும் குறிச்சிருக்காங்க, பரீட்சைக்குப் படிக்கறவங்களுக்கு ரொம்ப உபயோகம். இங்கிலீஷ்-தமிழ் பகுதியும் இருக்கு, ஆனா இந்த மாதிரி பேச்சு வார்த்தைக்கு நான் இங்கிலீஷ்-இங்கிலீஷ் பக்கத்தத்தான் சிபாரிசு பண்ணுவேன்.

மெரியம்-வெப்ஸ்டர் அமெரிக்காவோடது, 1831ல ஆரம்பிச்ச கம்பெனி, அமெரிக்க இங்கிலீஷுக்கு அகராதி எழுதுன நோவா வெப்ஸ்டரோட வழியில வந்தது. இங்க பிரிட்டன்தான் வெளியூர், பெரிய தொகைங்கற அர்த்தத்துக்கு பிரிட்டிஷ்னு லேபிள் போடறாங்க, தோல்விக்கு நாட்டு லேபிளே கிடையாது, ஏன்னா அவங்களுக்கு அதுதான் சாதாரணப் பேச்சு. இது தெரியாம பாத்தா லேபிள் இல்லாத அர்த்தம் எல்லா நாட்டுக்கும் பொதுன்னு தோணிடும், இந்த ஒரு விஷயத்த மனசுல வெச்சுக்கிட்டுப் பாருங்க. அமெரிக்கன் ஃபுட்பால்ல ரொம்ப தூரம் வீசற பாஸுக்கும் பாம்னு பேரு, அந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் இவங்கதான் கெட்டி.

ஒரு இங்கிலீஷ்-தமிழ் ஆப்பும் யூஸ் பண்ணேன், பேர் வேண்டாம். வெடிகுண்டுன்னு ஒரே ஒரு அர்த்தம், உதாரணம் இல்ல, லேபிள் இல்ல, முடிஞ்சுபோச்சு. அத வெச்சு ‘வென்ட் டவுன் எ பாம்’ங்கற வரிய சப்டைட்டில் பண்ணா மேடையில குண்டு விழுந்துடுச்சுன்னுதான் வரும், படம் பாக்கறவங்களுக்கு என்ன புரியும்? அவசரத்துக்குக்கூட நான் அதத் திறக்கறதில்ல.

பிரிட்டிஷ் சீரிஸ், பேட்டிக்கு சப்டைட்டில் பண்றவங்க ஆக்ஸ்ஃபோர்ட முதல்ல திறங்க, அமெரிக்க ஷோன்னா அதோட மெரியம்-வெப்ஸ்டரையும் இன்னொரு டேப்ல வெச்சுக்குங்க. ஆஸ்திரேலிய சீரிஸ் கைக்கு வந்தா மட்டும் இன்னும் கொஞ்சம் தேடணும், அங்க ஓட்டை உடைசல் காருக்கும் பாம்னு பேரு.