பால் பல் சொத்தை: சிமெண்டா, காம்போசிட்டா, ஸ்டீல் கேப்பா?

“விழுந்து முளைக்கிற பல்தானே, எதுக்கு அடைக்கணும்?” பெரியவர்கள் இப்படிக் கேட்காத வீடு குறைவு. முன்பற்களுக்கு அந்தக் கேள்வி ஓரளவு பொருந்தும். அவை 6, 7 வயதில் விழுந்துவிடும். கடைவாயில் கடைசியாக நிற்கும் பால் பல் அப்படியில்லை. 10 முதல் 12 வயது வரை அதுதான் மெல்ல வேண்டும். அதை நாலு வயதில் பிடுங்கிவிட்டால், ஆறு வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் முன்னால் நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு முளைக்க வேண்டிய பல் கோணலாக வரும், அல்லது ஈறுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

அதனால் எதை வைத்து அடைப்பது என்று கேட்கும் முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். அந்தப் பல் இன்னும் எத்தனை வருடம் இருக்க வேண்டும்? சொத்தை மெல்லும் பரப்பில் மட்டும் இருக்கிறதா, இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் இடுக்கில் இருக்கிறதா? குழந்தை எவ்வளவு நேரம் வாயைத் திறந்து வைத்திருக்கும்? இதில் இடுக்குச் சொத்தைதான் ஏமாற்றும். மேலே பார்த்தால் பல் நன்றாக இருக்கும். பைட்விங் எக்ஸ்ரே (ஃபிலிமைக் கடித்தபடி எடுப்பது) எடுத்தால்தான் உள்ளே கரைந்திருப்பது தெரியும். பால் பல்லின் எனாமல் சுமார் 1 மில்லிமீட்டர்தான், நிரந்தரப் பல்லில் பாதி. நரம்பும் பக்கத்திலேயே இருப்பதால் சொத்தை சீக்கிரம் அங்கே போய்விடும்.

ஜிஐசி எனப்படும் கண்ணாடி அயனோமர் சிமெண்டிலிருந்து தொடங்கலாம். இது பல்லோடு வேதியியலாகவே ஒட்டும், மெல்ல மெல்ல ஃப்ளோரைடையும் விடும். எச்சில் கொஞ்சம் பட்டாலும் காம்போசிட் (பல் நிறப் பிசின் அடைப்பு) அளவுக்குக் கெட்டுப்போகாது. கைக்கருவியாலேயே சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கலந்த சிமெண்டை வைத்து, வாஸ்லின் தடவிய விரலால் அழுத்திப் பிடித்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். பெரும்பாலும் ஊசியோ டிரில்லோ வேண்டாம். ஒரு மணி நேரம் குழந்தை எதையும் மெல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மேற்பரப்பில் ஒரு சின்னக் குழி என்றால் இது போதும். இடுக்கில் வைத்தால்தான் சிக்கல்: மெல்லும் அழுத்தம் தாங்காமல் ஓரம் உடையும், சில சமயம் மொத்தமாகவே கழன்று விழும். பல் இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் விழப்போகிறது என்றால் இடுக்கிலும் வைத்துச் சமாளிக்கலாம்.

காம்போசிட் பல்லின் நிறத்திலேயே இருக்கும், வலுவும் அதிகம். ஆனால் அந்த வலு முழுக்க ஈரமில்லாமல் வைப்பதில் இருக்கிறது. 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 15 வினாடி, கழுவுதல், உலர்த்துதல், பாண்டிங் எனும் ஒட்டுத் திரவம் பூசுதல், பிறகு 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாத அடுக்கு அடுக்காக வைத்து ஒவ்வொன்றும் இறுக 20 வினாடி ஒளி. அமிலம் கழுவிய பரப்பில் ஒரு துளி எச்சில் பட்டாலும் ஒட்டு பலவீனமாகிவிடும். அந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். எச்சில் படாமல் பல்லைத் தனிப்படுத்தும் ரப்பர் டேம் என்ற விரிப்பைப் போட்டு, குழந்தை இருபது நிமிடமாவது அமைதியாக இருந்தால் நல்ல தேர்வு. அழுது துள்ளும் மூன்று வயதுக் குழந்தையின் கடைவாயில் அவசரமாக வைத்த காம்போசிட்டுக்கு அடியில் மறுபடி சொத்தை பிடிக்கும். வெளியே பார்க்க வெள்ளையாக இருப்பதால் அது தெரியாமலே வளரும்.

அமால்கம் எனப்படும் வெள்ளி அடைப்பைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அமால்கத்தின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஜூலையிலிருந்து 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதை நிறுத்திவிட்டது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான சர்வதேச மினமாட்டா ஒப்பந்தத்தின் 2022 திருத்தமும் அதையே சொல்கிறது. ஏற்கெனவே வைத்தது நன்றாக இருந்தால் அதை மட்டும் தோண்டி எடுக்காதீர்கள். டிரில் செய்யும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வெளிவரும்.

நாலைந்து வயதுக் குழந்தையின் கடைவாய் இடுக்கில் சொத்தை என்றால் எங்கள் தேர்வு ஸ்டீல் கேப்தான். பல்லை முழுவதுமாக மூடிவிடுவதால் உடைய ஓரமே இல்லை. ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் நோர்னா ஹாலின் பெயரால் வழங்கும் முறையில் ஊசியும் இல்லை, டிரில்லும் இல்லை. பற்கள் நெருக்கமாக இருந்தால் மூன்று முதல் ஐந்து நாள் முன்பே இடையில் சிறிய ரப்பர் வளையம் போட்டு இடம் உண்டாக்குவார்கள். பிறகு அளவான கேப்பில் ஜிஐசி நிரப்பி, சொத்தையைச் சுரண்டாமலே பல்லின்மேல் அழுத்துவார்கள். உள்ளே அடைபட்ட கிருமிக்குச் சர்க்கரை கிடைக்காது, சொத்தை நின்றுபோகும். முதல் சில நாள் கடிக்கும்போது உயரமாகத் தோன்றும், சில வாரத்தில் தானாகச் சரியாகும். பல் விழும்போது கேப்பும் சேர்ந்தே விழும். நிக்கல் ஒவ்வாமை இருந்தால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வெள்ளிபோல மின்னுகிறதே என்று பெற்றோர் தயங்குவது புரிகிறது. சிர்கோனியா எனும் பீங்கான் வகைக் கேப் வெள்ளையாக இருக்கும், ஆனால் அதற்குப் பல்லை நிறையச் செதுக்க வேண்டும், ஊசியும் போட வேண்டும், செலவும் கூடும். கடைவாயில் அழகுக்காக அத்தனையும் வேண்டுமா என்று யோசியுங்கள்.

நாற்காலியில் உட்காரவே மறுக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கு 38 சதவீத சில்வர் டையமைன் ஃப்ளோரைடு என்ற திரவம் உண்டு. இது குழியை அடைக்காது, சொத்தையை நிறுத்த மட்டும் செய்யும். குழியைப் பஞ்சால் உலர்த்தி, ஒரு சின்ன பிரஷ்ஷால் ஒரு நிமிடம் தடவினால் முடிந்தது; பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இதையும் ஜிஐசியையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சொத்தைப் பகுதி நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு சம்மதியுங்கள். தோலில் பட்ட கறை சில நாளில் போகும், துணியில் பட்டது போகாது. குழந்தை வளர்ந்து ஒத்துழைக்கும்போது அதன்மேலேயே சிமெண்ட் வைக்கலாம்.

மேலே சொன்ன எல்லாம் நரம்பு கெடாத பல்லுக்குத்தான். ராத்திரி வலியில் குழந்தை எழுந்து அழுதாலோ, கன்னம் வீங்கினாலோ, ஈறில் சீழ்க்கொப்புளம் தெரிந்தாலோ எதையும் வைத்து மூடக் கூடாது. முதலில் நரம்புக்குச் சிகிச்சை, அதன்பிறகு கேப். அதுவும் முடியாத பல்லைப் பிடுங்கி, தேவைப்பட்டால் பக்கத்துப் பல் நகராமல் அந்த இடத்தைக் காக்கும் ஸ்பேஸ் மெயின்டெய்னர் மாட்ட வேண்டும். ஊசி போட்டிருந்தால் மரப்பு போகும்வரை, ஏறக்குறைய இரண்டு மணி நேரம், குழந்தையைக் கண்காணியுங்கள். உணர்ச்சியில்லாத உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டு மறுநாள் வீங்கிய வாயோடு வரும் குழந்தைகள் நிறைய.