ஹோம்ஸ்டெட் பட்டா: தளத்தில் இருப்பதும் கோப்பில் இருப்பதும்

நெப்ராஸ்கா, கன்சாஸ், டகோட்டா சமவெளிகளில் 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய விவசாயக் குடும்பங்களின் வேரைத் தேடுகிறவர்கள் முதலில் தட்டும் கதவு ஜெனரல் லேண்ட் ஆபீஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இணையதளம். அமெரிக்க அரசின் பீரோ ஆஃப் லேண்ட் மேனேஜ்மென்ட் இதை நடத்துகிறது. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. 1788 முதல் மத்திய அரசு கொடுத்த நில உரிமை ஆவணங்கள் 50 லட்சத்துக்கும் மேல் இதில் இருக்கின்றன. முன்னோரின் பெயரைப் போட்டால் அவர் வாங்கிய பட்டாவின் படம் இரண்டே நிமிடத்தில் வந்துவிடும். அங்கே அதற்குப் பேட்டன்ட் என்று பெயர். அச்சிட்டுச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

பெரும்பாலோர் அதோடு நின்றுவிடுகிறார்கள். தேடுகருவியாக இந்தத் தளத்துக்கு ஈடு கிடையாது. அந்தப் படத்தையே குடும்ப வரலாறாக எடுத்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியதாகத்தான் ஆகும். மறுபாதி, பட்டா கேட்டவரின் விண்ணப்பமும் சாட்சியங்களும் அடங்கிய கோப்பு.

முதலில் அந்தப் படம் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது குடியேறியவர் கைக்குப் போன மூலப் பத்திரம் அல்ல, அரசு தன் பதிவேட்டில் எழுதி வைத்துக்கொண்ட படி. எழுத்து குமாஸ்தாவுடையது. ‘எங்கள் பட்டாவில் ஜனாதிபதி கிராண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறார்’ என்று பல குடும்பங்களில் ஒரு பெருமை உலவும். 1833-க்குப் பிறகு ஜனாதிபதியின் பெயரைப் போட்டு அதற்கென நியமிக்கப்பட்ட செயலரே கையொப்பமிட்டார். பெருமையைக் கெடுப்பதாக நினைக்க வேண்டாம், குடும்ப வரலாற்றில் இந்த வரி தவறாமல் இடம்பிடிப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேடும்போது மாநிலமும் குடும்பப் பெயரும் மட்டும் போட்டுத் தொடங்குவது நல்லது. கவுன்டி (நம் மாவட்டம் போன்றது), முதல் பெயர், நடுப்பெயர் எல்லாவற்றையும் நிரப்பினால் ஏதோ ஒன்று ஒத்துவராமல் ‘பதிவு இல்லை’ என்று வரும். செக், ஜெர்மன், நார்வே பெயர்களைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். தெரிந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு சந்தேகமுள்ள இடத்தில் விழுக்காட்டுக் குறி போட்டுத் தேடலாம். நார்வேக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: தந்தை பெயர், விட்டுவந்த பண்ணையின் பெயர் இரண்டில் எதையும் அவர்கள் கொடுத்திருக்கக்கூடும், இரண்டையும் தேட வேண்டும்.

பட்டா கிடைத்ததும் படத்துக்கு முன்பு விவரப் பக்கத்தைத் திறக்க வேண்டும். நில அலுவலகம், ஆவண எண், எந்தச் சட்டத்தின்படி, எத்தனை ஏக்கர், எந்தத் துண்டு என்பதெல்லாம் அங்கே இருக்கும். சட்டம் என்ற கட்டத்தில் 1862 மே 20 என்று இருந்தால் ஹோம்ஸ்டெட் சட்டம், அதாவது நிலத்தில் ஐந்து ஆண்டு குடியிருந்து பயிரிட்டவருக்கு அதை விலையில்லாமல் கொடுத்த சட்டம். 1820 ஏப்ரல் 24, ரொக்க விற்பனை என்று இருந்தால் ‘ஓ, காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்’ என்று முடிவு கட்டக் கூடாது. ஹோம்ஸ்டெட்டாகத் தொடங்கி, ஐந்து ஆண்டு காத்திருக்க முடியாமல் ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி முன்கூட்டியே பட்டா எடுத்தவர்களும் இந்தத் தலைப்பின்கீழ்தான் வருவார்கள். மர வளர்ப்புச் சட்டம் இன்னொரு பொறி. 1873 முதல் 1891 வரை அமலில் இருந்த அந்தச் சட்டம் நிலத்தில் மரம் நடச் சொன்னதே தவிர, குடியிருக்கச் சொல்லவில்லை. அந்தப் பட்டாவைக் காட்டி ‘இங்கேதான் வீடு இருந்தது’ என்று எழுதினால் தப்பு.

இனி நில விவரணை. புல எண்ணுக்குப் பழகிய நமக்கு இது முதலில் குழப்பும். டவுன்ஷிப் என்பது 6 மைலுக்கு 6 மைல் சதுரம், அதற்குள் 36 செக்ஷன்கள், செக்ஷன் ஒன்றுக்கு 640 ஏக்கர். எண் வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பி, ஏர் உழுகிற மாதிரி வளைந்து வளைந்து தென்கிழக்கு மூலையில் 36-இல் முடியும். விவரணையைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படித்தால் புரிந்துவிடும். அளவைக்கு ஆதாரமான வடக்கு-தெற்குக் கோடு மெரிடியன், கிழக்கு-மேற்குக் கோடு அடிக்கோடு. அடிக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ எத்தனையாவது என்பது டவுன்ஷிப் எண், மெரிடியனிலிருந்து கிழக்கிலோ மேற்கிலோ எத்தனையாவது என்பது ரேஞ்ச் எண். மெரிடியன் பெயரை விடவே கூடாது, ஒரே டவுன்ஷிப், ரேஞ்ச் எண் பல மெரிடியன்களில் வரும். ஆறாம் பிரின்சிபல் மெரிடியனின் அடிக்கோடு நெப்ராஸ்கா-கன்சாஸ் எல்லையிலேயே ஓடுகிறது. அதனால் நெப்ராஸ்கா டவுன்ஷிப்கள் எல்லாம் ‘வடக்கு’, கன்சாஸ் டவுன்ஷிப்கள் எல்லாம் ‘தெற்கு’. வடக்கைத் தெற்காகப் படித்தால் குடும்பமே மாநிலம் மாறிவிடும்.

டேனியல் ஃப்ரீமனின் பட்டாவை வைத்துப் பழகலாம். சட்டம் அமலுக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே நெப்ராஸ்காவின் பிரவுன்வில் நில அலுவலகத்தில் பதிந்தவர் அவர். அவருடைய நிலம் (கால் என்றால் நான்கில் ஒரு பங்கு): வடமேற்குக் காலின் தென்பாதி, வடமேற்குக் காலின் வடகிழக்குக் கால், வடகிழக்குக் காலின் தென்மேற்குக் கால், செக்ஷன் 26, டவுன்ஷிப் 4 வடக்கு, ரேஞ்ச் 5 கிழக்கு. கட்டம் போட்ட தாளில் வரைந்தால் மூன்று 40 ஏக்கர் துண்டுகள் ஒரே வரிசையில், நடுத்துண்டின் தலைமேல் நான்காவது. மொத்தம் 160 ஏக்கர். எல்லாருடைய நிலமும் கச்சிதமான சதுரமாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம். 

இதே ஃப்ரீமனை வைத்துத்தான் பட்டாவுக்கும் கோப்புக்கும் உள்ள தூரத்தையும் காட்ட முடியும். பட்டாவில் பெயர், நிலம், 1869 என்ற ஆண்டு, அவ்வளவுதான். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கோப்பில், அதாவது கேஸ் ஃபைலில், 1868 ஜனவரியில் அவருக்காகச் சொல்லப்பட்ட சாட்சியம் இருக்கிறது: பாதி மரத்தடி, பாதி பலகையால் ஆன 14-க்கு 20 அடி வீடு, இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், பலகைத் தரை, உழுது வேலி போட்டது சுமார் 35 ஏக்கர், தொழுவம், 100 அடி நீள ஆட்டுக் கொட்டகை, சோளக் களஞ்சியம், 40 ஆப்பிள் மரம், சுமார் 400 பீச் மரம், மனைவி, இரண்டு குழந்தைகள். தேதிகளையும் கவனிக்க வேண்டும். பதிந்தது 1863, சாட்சியம் 1868, பட்டா 1869. பட்டாத் தேதியைக் குடியேறிய தேதியாக எழுதுகிறவர்கள் தங்கள் முன்னோரின் வாழ்க்கையில் ஆறேழு ஆண்டுகளை அழித்துவிடுகிறார்கள். குடும்ப வரலாறுகளில் இதைவிட அடிக்கடி கண்ணில் படும் பிழை வேறு இல்லை.

கோப்பு எல்லாமே இவ்வளவு தடிமனாக இருக்காது. சிலவற்றில் நாலைந்து தாள்தான். 1880-களுக்குப் பிந்தையவை பொதுவாகச் செழிப்பானவை. அச்சடித்த கேள்விப் படிவத்தில் எப்போது வீடு கட்டினார், எத்தனை பேர் குடியிருந்தார்கள், எந்தெந்த மாதம் நிலத்தை விட்டுப் போனார், ஏன், எத்தனை ஆண்டு பயிரிட்டார் என்று வரிசையாக இருக்கும். நிலத்தை விட்டுப் போன காரணம் என்ற கேள்வியில்தான் வாழ்க்கை எட்டிப் பார்க்கும். கையில் காசில்லாமல் கூலிக்குப் போனது, பேறுகாலத்துக்கு மனைவி ஊருக்குப் போனது எல்லாம் அங்கேதான் தேட வேண்டும். 1874-இல் வெட்டுக்கிளிக் கூட்டம் விளைச்சலைத் தின்றுவிட்டபோது, உரிமை போகாமலே தற்காலிகமாக வெளியேற அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சலுகை கொடுத்தது. அந்த ஆண்டுகளின் இடைவெளிக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வந்தவரின் கோப்பில் குடியுரிமைச் சான்றின் படி இருக்கும். இறுதிப் பட்டாவுக்கு முழுக் குடியுரிமை கட்டாயம். 1906-க்கு முன் எந்த ஊர் நீதிமன்றத்திலும் குடியுரிமை வாங்கலாம் என்பதால், எந்த நீதிமன்றம் என்று காட்டும் அந்த ஒரு தாளுக்கே செலவு தகும். சொந்தக் கிராமத்தின் பெயர் கிடைக்கும் என்று மட்டும் நம்பக் கூடாது, பெரும்பாலும் நாட்டின் பெயரோடு நின்றுவிடும். 1890 மக்கள்தொகைக் கணக்கு 1921 தீவிபத்தில் பெரும்பாலும் போய்விட்டதால், 1880-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட குடும்பங்களுக்கு இந்தக் கோப்புகள் பெருந்துணை.

ஒரு எச்சரிக்கை. இவை பட்டா வாங்குவதற்காகச் சொன்ன சாட்சியங்கள். சாட்சி சொன்னவர்கள் அக்கம்பக்கத்தார், பல நேரம் மச்சான், பங்காளி. நாளைக்கு இவர்களுக்கு அவர் சாட்சி சொல்ல வேண்டும். உழுத ஏக்கர் கணக்கைக் கொஞ்சம் கழித்துப் படித்தால் குற்றமில்லை. 1880-ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இறுதிச் சாட்சியத்துக்கு முன் வெளியிட்ட பத்திரிகை அறிவிப்பில் நான்கு சாட்சிகளின் பெயர் வரும், அவர்களில் இருவர் வந்து சொன்னால் போதும். நால்வரையும் தனித்தனியே தேடுங்கள், ஒரே ஊரிலிருந்து சேர்ந்து வந்தவர்கள் அகப்படுவார்கள். தளத்தில் பெயரை விட்டுவிட்டு டவுன்ஷிப், ரேஞ்ச் மட்டும் கொடுத்துத் தேடினால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பட்டா வாங்கிய அனைவரும் வரிசையாக வருவார்கள். இவ்வளவு பயனுள்ள வசதி தளத்தில் வேறெதுவும் இல்லை.

கோப்பை வரவழைக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் 84-ஆம் எண் படிவம். பெயர், மாநிலம், நில அலுவலகம், ஆவண எண், வகை, நில விவரணை எல்லாம் வேண்டும். வகையைத் தவறாகப் போட்டால் ‘கிடைக்கவில்லை’ என்றுதான் பதில் வரும். மேலே சொன்ன ரொக்க விற்பனைக் குழப்பம் இங்கேதான் கடிக்கும். 1908 ஜூலைக்குப் பிந்தைய பட்டாக்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே தொடர் எண், அதனால் வேலை சுலபம். நெப்ராஸ்கா கோப்புகள் ஏற்கெனவே படமெடுக்கப்பட்டுக் கட்டண வம்சாவளித் தளங்களில் இருக்கின்றன. பணம் அனுப்புவதற்கு முன் அங்கே பாருங்கள்.

ஜெனரல் லேண்ட் ஆபீஸ் தளத்தின் பெரிய ஓட்டை, அதில் ஜெயித்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள் என்பது. ஹோம்ஸ்டெட் விண்ணப்பங்கள் சுமார் 40 லட்சம், பட்டாவானவை சுமார் 16 லட்சம். மற்றவர்கள் வறட்சியில் விட்டுப் போனார்கள், உரிமையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தார்கள், அல்லது அவர்கள் விண்ணப்பம் ரத்தானது. அவர்களைத் தேட, நிலத் துண்டு வாரியாக விண்ணப்பங்களைக் குறித்து வைத்த ட்ராக்ட் புக் என்ற பதிவேடுகளுக்குப் போக வேண்டும். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இவற்றின் படங்கள் இலவசம். பெயரை வைத்துத் தேட வழி இல்லை. மாநிலம், டவுன்ஷிப், ரேஞ்ச் பார்த்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஒரே கால் செக்ஷனுக்கு எதிரே இரண்டு மூன்று பெயர் எழுதி அடிக்கப்பட்டிருக்கும். அடிக்கப்பட்ட பெயருக்கும் கோப்பு உண்டு. அந்த வரியில் இருக்கும் விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டு அதே 84-ஆம் படிவத்தில் கேட்கலாம்.

பட்டாவிலும் இல்லை, ட்ராக்ட் புக்கிலும் இல்லை என்றால் செக்ஷன் எண்ணைப் பாருங்கள். 16, 36 என்றால் பல மாநிலங்களில் பள்ளிக்கென ஒதுக்கிய நிலம். ஒற்றைப்படை எண் என்றால் ரயில் கம்பெனிக்குக் கொடுத்ததாக இருக்கலாம். பட்டா கம்பெனியின் பெயரில் இருக்கும், குடும்பத்தின் கிரயப் பத்திரம் கவுன்டி பதிவு அலுவலகத்தில் இருக்கும். டெக்சாஸ், கென்டக்கி, டென்னசி, ஆரம்பகால 13 மாநிலங்கள் என்றால் மத்திய அரசுக்கு அங்கே கொடுப்பதற்கு நிலமே இல்லை, இந்தத் தளத்தில் தேடுவது வீண் வேலை.

அளவை வரைபடங்களும், சில மாநிலங்களுக்கு அளவையாளரின் களக் குறிப்புகளும் தளத்தில் தனிப் பகுதியாக இருக்கின்றன. மண் எப்படி, ஓடை எவ்வளவு அகலம், எந்த மரம் என்று மைலுக்கு மைல் எழுதியிருப்பார்கள். பழங்குடியினரின் தடங்களும் பல வரைபடங்களில் கோடாக ஓடும். முன்னோர்தான் அந்த மண்ணில் முதலில் கால் வைத்தவர் என்று எழுதப் போகிறவர்கள் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு எழுதட்டும். ஃப்ரீமன் நிலம் இருக்கும் கேஜ் கவுன்டியின் தென்பகுதி 1881-இல் ஓட்டோ-மிசூரியா பழங்குடி மக்கள் வெளியேறும் வரை அவர்களுடைய ஒதுக்கு நிலமாக இருந்தது.