ஹோப்வெல் ராக்ஸா, பர்ன்ட்கோட் ஹெட்டா? பே ஆஃப் ஃபண்டில எங்க போலாம்

கனடாவுல பே ஆஃப் ஃபண்டி பாக்கணும்னு கிளம்புறவங்க பாதிப்பேர் ஹோப்வெல் ராக்ஸ் போட்டோவ பாத்துட்டு நேரா நியூ பிரன்ஸ்விக் பக்கம் வண்டிய விட்டுடுறாங்க, அதே வளைகுடாவோட இன்னொரு கரையில நோவா ஸ்கோஷியால பர்ன்ட்கோட் ஹெட்னு ஒரு சின்ன பார்க் இருக்கறதே பல பேருக்கு தெரியாது. ரெண்டுலயும் லோ டைட்ல, அதாவது கடல் தண்ணி நல்லா வடிஞ்சு கிடக்கற நேரத்துல, கடல் தரையில இறங்கி நடக்கலாம், அதே தரை சில மணி நேரத்துல தண்ணிக்கு அடியில போயிடும்.

முதல்ல ரெக்கார்டு விஷயத்த முடிச்சிடலாம். தண்ணி எவ்ளோ ஏறி இறங்குதுங்கறதுல பர்ன்ட்கோட்தான் மேல, 16 மீட்டருக்கும் மேல போன இடம், கின்னஸ்லயும் இருக்கு (கியூபெக் வடக்குல லீஃப் பேசினும் அதுக்கு சமம்தான்னு ஒரு வழக்கு ஓடுது, அந்த பஞ்சாயத்து நமக்கு வேணாம்). ஹோப்வெல்ல சுமார் 14 மீட்டர் வரைக்கும் வரும். கீழ நின்னு அண்ணாந்து பாக்கும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, அதனால ரெக்கார்ட வெச்சு முடிவு பண்ணாதீங்க. காரணமும் ரெண்டுக்கும் ஒண்ணுதான்: வளைகுடா உள்ள போகப்போக குறுகி ஆழமும் குறையுது, அது மட்டும் இல்லாம தண்ணி உள்ள போய் திரும்ப எடுத்துக்கற நேரமும் கடலோட 12 மணி 25 நிமிஷ கணக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போகுது, அதனால ஊஞ்சல சரியான நேரத்துல தள்ளுற மாதிரி ஒவ்வொரு தடவையும் வேகம் சேந்துக்குது.

பாறைன்னு பாத்தா ஹோப்வெல் பக்கத்துல பர்ன்ட்கோட் நிக்க முடியாது. ஹோப்வெல்ல இருக்கறது கூழாங்கல்லும் மணலும் சேந்து இறுகின பாறை, அதோட வெடிப்புல தண்ணி புகுந்து குளிர்ல உறைஞ்சு பிளக்குது, கீழ ஓதம் வந்து அரிக்குது, அதனால அடி ஒல்லியா மேல தலைபெருத்து உச்சியில மரத்தோட வரிசையா நிக்குது, பூந்தொட்டி பாறைன்னு பேர் வந்ததே அதனாலதான். இந்த அரிப்பு இன்னும் நிக்கல. 2016 மார்ச்ல எலிஃபன்ட் ராக்ல பெரிய துண்டு அப்படியே இடிஞ்சு விழுந்துடுச்சு, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து மருத்துவ அட்டையில படமா இருந்த பாறை அது, சோ கயிறு கட்டின இடத்த தாண்டி செல்ஃபி எடுக்கறவங்கள பாத்தா எனக்கு பக்குனு இருக்கும்.

பர்ன்ட்கோட்ல சொல்லிக்கற மாதிரி மரம் வளந்த பெரிய தீவுப்பாறை ஒண்ணே ஒண்ணுதான். ஆனா சிவப்பு கல் தரை நல்லா விரிஞ்சு கிடக்கும், அங்கங்க தேங்கின குட்டைல நத்தை, நண்டுன்னு குழந்தைங்க குனிஞ்சா நிமிர மாட்டாங்க. கூட்டம் கம்மி, நுழைவு கட்டணமும் கிடையாது. ஹோப்வெல்ல டிக்கெட் உண்டு, கடற்கரைக்கு இறங்க நூறு படி கிட்ட வரும், சீசன்ல தள்ளுமுள்ளு. ஆனா கீழ ஊழியர்கள் சுத்திட்டே இருப்பாங்க, தண்ணி ஏற ஆரம்பிச்சா மேல அனுப்பி வெச்சிடுவாங்க, முதல் தடவை போறவங்களுக்கு அது பெரிய நிம்மதி.

என்னைப் பொறுத்தவரை முடிவு பண்ண வேண்டியது எத்தனை மணி நேரம் இருக்குங்கறத வெச்சுதான். லோ டைட்டுக்கும், தண்ணி முழுசா ஏறி நிக்கற ஹை டைட்டுக்கும் நடுவுல சுமார் ஆறே கால் மணி நேரம். அரை நாளுக்கு மேல ஒதுக்க முடியும்னா கண்ண மூடிட்டு ஹோப்வெல், காலையில நடந்த அதே பாறைங்களுக்கு நடுவுல சாயந்திரம் கயாக் (சின்ன துடுப்புப் படகு) ஓட்டலாம், கயாக் பயம்னா மேல தளத்துல நின்னு பாருங்க, மரம் வெச்ச குட்டித் தீவுங்களா மாறி நிக்கும். ரெண்டு மூணு மணி நேரம்தான் இருக்கு, நோவா ஸ்கோஷியா தலைநகர் ஹாலிஃபாக்ஸ்ல தங்கியிருக்கீங்கன்னா பர்ன்ட்கோட் போதும், லோ டைட் நடைக்கு அது குறைஞ்சதே இல்ல. ஆனா ஹை டைட்ல மட்டும் அங்க போய் நின்னீங்கன்னா பெருசா பாக்க ஒண்ணும் இருக்காது.

எங்க போனாலும் டைட் டேபிள் (தண்ணி ஏறி இறங்கற நேரப் பட்டியல்) பாக்காம கிளம்பாதீங்க, நேரம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். டொராண்டோ, மாண்ட்ரியல்ல இருந்து கார்ல வர்றவங்க இன்னொண்ணும் கவனிக்கணும், ரெண்டு இடத்துலயும் கடிகாரம் உங்கள விட ஒரு மணி நேரம் முன்னாடி. கார் கடிகாரத்த நம்பி இறங்கினா அந்த ஒரு மணி நேரத்துல தண்ணி ஆள் உயரத்துக்கும் மேல ஏற வாய்ப்பு இருக்கு, நடு ரெண்டு மணி நேரத்துலதான் மொத்தத்துல பாதி ஏறும். செருப்பு வேணாம், நனைஞ்சாலும் பரவால்லன்ற பழைய ஷூ போடுங்க, அந்த சேறு வழுக்கும். ரெண்டு பார்க்கையும் ஒரே நாள்ல முடிக்கலாம்னு மட்டும் ப்ளான் போடாதீங்க, நடுவுல மூணு மணி நேரத்துக்கு மேல டிரைவ், இங்க லோ டைட் பாத்துட்டு அங்க போய் சேரும்போது தரை முங்கியிருக்கும்.