எஸ்பிரெசோ மெஷினுக்கு கலர் மாத்தி மூணு வருஷம்: எது நின்னுச்சு, எது உரிஞ்சுச்சு

காபி நல்லாத்தான் வந்துட்டு இருந்துச்சு, ஆனா அந்த பளபள ஸ்டீல் பாடில கைரேகை, தண்ணித் திட்டு, பால் தெறிச்ச புள்ளின்னு தினமும் துடைச்சு துடைச்சே வெறுத்துப்போச்சு. இந்த கிறுக்கு அங்கதான் ஆரம்பம்.

முதல்ல வினைல் ராப், அதாவது மேல ஒட்டுற பிளாஸ்டிக் ஷீட், மேட் பச்சை. ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துடைச்சிட்டு ஹீட் கன்ல லேசா சூடு காட்டி ஒட்டினேன், முதல் மாசம் போறவன் வர்றவன்கிட்டல்லாம் காட்டிட்டு இருந்தேன். ரெண்டு சைடும் ஓகே. மேல கப் வைக்கிற தட்டுதான் காலை வாரிடுச்சு, நேர் கீழ பாய்லர் இருக்கு, தினமும் சூடாகி ஆறி சூடாகி ஆறி பசை இளகிப்போய் ஓரமெல்லாம் சுருண்டுக்கிச்சு, ஈரக் கப்ப கவுத்து வெச்சா அந்த தண்ணியும் உள்ள போய் கொப்புளம் கொப்புளமா கிளம்பிடுச்சு. பால் நுரைக்கிற நீராவிக் குழாய், அந்த ஸ்டீம் வாண்ட் பக்கத்துலயும் அதே கதை. எட்டே மாசத்துல உரிச்சேன், ஒட்ட ஒரு மத்தியானம்னா பசைய சுரண்ட ரெண்டு நாள்.

அப்புறம் பவுடர் கோட்டிங், அதாவது பெயிண்ட பொடியா தூவி சுட்டு ஒட்ட வைக்கிறது. இத அடுப்புல வெச்சு கிட்டத்தட்ட 200 டிகிரில சுடுவாங்க, அதனால பேனல்ல இருக்கிற பிளாஸ்டிக், ரப்பர், ஸ்டிக்கர், ஸ்விட்ச் எல்லாத்தையும் கழட்டிட்டு வெறும் தகடா குடுக்கணும். ப்ளக்க பிடுங்கி மெஷின் முழுசா ஆறினப்புறம் கைய வைங்க, கழட்டும்போது ஒவ்வொரு ஸ்டெப்பும் போட்டோ எடுத்துக்கோங்க, நான் எடுக்கல, கடைசில ரெண்டு ஸ்க்ரூ மிச்சம். ஸ்க்ரூ ஓட்டைகள அடைச்சுட்டு கோட் பண்ண சொல்லவும் மறந்துட்டேன், மரையெல்லாம் பெயிண்ட் ஏறி திரும்பவே மாட்டேன்னுச்சு, மரை வெட்டுற டேப் (tap) போட்டு திருப்பி சுத்தம் பண்ண வேண்டியதாப்போச்சு.

இப்ப முக்கியமான மேட்டர். பவுடர் கோட்டிங் கரண்ட கடத்தாது. எர்த் வயர் பாடியோட சேர்ற இடத்தையும் சேர்த்து மூடிட்டாங்க, நானும் கவனிக்காம மாட்டிட்டேன். ஏதோ சந்தேகத்துல மல்டிமீட்டர எடுத்து, ப்ளக்க பிடுங்கி வெச்சிட்டு அதோட எர்த் பின்னுக்கும் பாடிக்கும் நடுவுல பாத்தா, இணைப்பு இருந்தா வர்ற பீப் சத்தமே வரல. தண்ணியும் ஹீட்டரும் ஒண்ணா இருக்கிற பொருள், எர்த் இல்லாம இருந்திருக்கு!! அந்த இடத்துல மட்டும் வெறும் உலோகம் தெரியுற வரைக்கும் சுரண்டி, பல்லு வெச்ச வாஷர் போட்டு இறுக்கினேன், ஒவ்வொரு பேனலையும் தனித்தனியா செக் பண்ணினேன். இதுல சந்தேகம் இருந்தா எலக்ட்ரீஷியன கூப்பிட்டுடுங்க, வெட்கப்பட ஒண்ணுமில்ல.

அது போக கோட்டிங்குக்கு ஃபுல் மார்க். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஈரத்துணில ஒரு இழுப்பு இழுத்தா போதும், ஒரு மூலைல மட்டும் போர்ட்டாஃபில்டர் (காபித்தூள் போட்டு மாட்டுற கைப்பிடி வெச்ச கரண்டி) இடிச்சு சின்னதா பேந்திருக்கு. பேனல்ல ஸ்விட்சுக்கு பக்கத்துல இருந்த எழுத்தெல்லாம் கோட்டிங்குல மறைஞ்சு போயிடுச்சு, எனக்கு பழகிடுச்சு, வீட்டுக்கு வந்த ஃப்ரெண்டு காபி ஸ்விட்ச்னு நெனச்சு ஸ்டீம தட்டிவிட்டு அலறினது தனிக் கதை.

ஆனா செஞ்சதுலயே மனசுக்கு பிடிச்சது போர்ட்டாஃபில்டருக்கு போட்ட மர ஹேண்டில்தான். பாடிய என்னைக்காவது பாக்குறோம், ஹேண்டில தினமும் பிடிக்கிறோம்ல. வால்நட் மரம். வாங்குறதுக்கு முன்னாடி மரை சைஸ அளந்துக்கோங்க, எம்10, எம்12 (10, 12 மில்லிமீட்டர் மரை) ரெண்டும் இருக்கு, நான் கண்ணால பாத்தே ஆர்டர் பண்ணி ஒரு தடவ திருப்பி அனுப்பினேன். நீராவிய திறக்கிற திருகு, அந்த ஸ்டீம் நாபுக்கும் மரம் போட்டேன், அது நீராவில ஊறி மெல்லிசா வெடிப்பு விட்டுச்சு, இப்ப மூணு மாசத்துக்கு ஒருக்கா டங் ஆயில் (மரத்துக்கு பூசுற எண்ணெய்) தடவி ஒரு நாள் நல்லா காய விடுறேன், அதோட வெடிப்பு பெருசாகல. மர ஹேண்டில ஊறப்போடவே கூடாது, காபித்தூள் போடுற ஓட்டைக் கிண்ணம், அந்த பேஸ்கெட்ட மட்டும் தனியா கழட்டி கழுவுறேன்.

கீழ சொட்டுற தண்ணிய பிடிக்கிற ட்ரிப் ட்ரே மட்டும் இன்னும் பழைய ஸ்டீல்தான். கப் உரசுற இடம், என்ன கோட்டிங் போட்டாலும் கீறிடும், அத அப்படியே விட்டுட்டேன்.